கல்யாண வீட்டுச் சமையலறையில் ஒரு கேரட் கேக்

போன மாதம் ஷாமினி போன் செய்தாள். சிரம்பானில், தெமியாங்கில் நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த கேக் கடையில் இப்போது சமையலறை முழுவதும் அவள் பொறுப்பு.

"அக்கா, கடையில புது சிஸ்டம் போட்டாச்சு. ஆர்டர் எல்லாம் டேப்லட்லதான் வருது. முந்திரி மாதிரிக் கொட்டை சாப்பிட்டா ஆகாதவங்களுக்குன்னு தனிக் கட்டம் இருக்கு. அதுக்குப் பதில் போடாம ஆர்டர் உள்ளயே போகாது. இது எதுக்குன்னு புதுசா வந்தவங்க கேக்கறாங்க. கோலா சாவா கல்யாணக் கதைய சொன்னேன், நம்ப மாட்டறாங்க லா. நீங்களே எழுதிக் குடுங்களேன்."

நம்பாததில் தப்பில்லை. விருந்து பரிமாறிக்கொண்டிருக்கும்போதே பெண் வீட்டுச் சமையலறையில் புகுந்து கல்யாண கேக் செய்தோம் என்றால் யார் நம்புவார்கள்? நடந்து பல வருஷமாகிவிட்டது. இன்றும் அதைச் சொல்ல ஆரம்பித்தால் என் கை தானாகப் பரபரக்கிறது. ஓய்வு பெற்றவள் மாதிரியே இருக்காது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் மகேஸ்வரி. முப்பத்தெட்டு வயது வரை புக்கிட் பெலண்டோக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினேன். வீட்டுக்காரருக்கு சிரம்பானில் லோரி ஓட்டும் வேலை கிடைத்ததும் தெமியாங்குக்கு மாறினோம். பக்கத்துத் தெருவில் ஒரு சீனரின் ரொட்டிக் கடையில் தட்டுக் கழுவ ஆள் கேட்டார்கள். போனேன். இரண்டு வருஷம் தட்டுக் கழுவினேன். அப்புறம் மாவு பிசைந்தேன், பன் உருட்டினேன், கேக்குக்கு முட்டை அடித்தேன். படித்த காலத்தை இவ்வளவில் முடித்துக்கொள்கிறேன். கைக்கு வேலை பழகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மாவு பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத்தான். ஒன்றும் நடக்கிற மாதிரியே தெரியாது.

நான் சேர்ந்த மூன்றாவது வருஷம் முதலாளியின் மகள் வெளிநாட்டில் கேக் படிப்பை முடித்துவிட்டு வந்தார். மிஸ் லிங் என்று கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னிடம் மலாயில்தான் பேசுவார். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன், ஆனால் என்னை 'அக்கா' என்று கூப்பிடுவது மட்டும் அவர் வாயிலேயே தமிழ்தான்.

மிஸ் லிங் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் செய்தது சரியில்லை என்றால் ஒரு சின்னக் கரண்டியை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைப்பார். அவ்வளவுதான். நீயே சாப்பிட்டுப் பார், என்ன குறை என்று நீயே சொல் என்று அர்த்தம். சொல்லும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "நல்லா இல்ல மிஸ்" என்றால் நகர மாட்டார். "பட்டை ஜாஸ்தி, உப்பு போட மறந்துட்டேன்" என்று குறையைப் பெயர் சொல்லிச் சொன்னால்தான் நகர்வார். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் சத்தம் போட்டால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடலாம். அந்தக் கரண்டியிடம் அது நடக்காது.

அவர் கொண்டுவந்ததுதான் கேரட் கேக். கடையில் வைத்த முதல் வாரம் ஒரே கூத்து. சீனப் பாட்டிமார்களுக்கு கேரட் கேக் என்றால் காலை பசாரில் முட்டையோடு வறுத்துத் தரும் முள்ளங்கிப் பலகாரம். கேரட்டே அதில் கிடையாது. அந்த நினைப்பில் வாங்கிக் கடித்துப் பார்த்து, இனிக்கிறதே என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். நம்மவர்கள், "கேரட்ட பொரியல் பண்ணுவோம், அத எதுக்குக் கேக்குல போட்டு?" என்றார்கள். மேலே பூசியிருப்பது சீஸ் என்று சொன்னால் இன்னும் மோசம். "ரொட்டியில வெக்கறாங்களே, அந்த மஞ்சத் தாளா?"

மிஞ்சியதையெல்லாம் நாங்கள்தான் சாப்பிட்டோம். முதல் வாய் இன்னும் நினைவிருக்கிறது. ஈரமாக, கனமாக, பட்டை வாசனையோடு இறங்கியது. துருவிய கேரட் எங்கே போனது என்றே தெரியவில்லை. அதன் மேல் அந்த வெள்ளைப் பூச்சு: முதலில் இனிப்பு, உடனே ஒரு புளிப்பு, அப்புறம் லேசாக உப்பு. நடுநடுவே வால்நட் பல்லில் கடிபட்டது. நான் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் நின்று சாப்பிட்டேன். இதை நான் செய்ய வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கேக் சுலபமாக வந்துவிட்டது. கேரட்டைப் பொடிப் பொடியாகத் துருவ வேண்டும், ஆனால் பிழியக் கூடாது. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். மாவைப் போட்ட பிறகு பத்துச் சுற்றுக்கு மேல் கிண்டினால் ரப்பர்தான். என்னை அழ வைத்தது மேல் பூச்சு. வெண்ணெயை இளக வைத்து அடி, சீனிப் பொடி சேர், கடைசியில் க்ரீம் சீஸைக் குளிரோடு போடு என்றார் மிஸ் லிங். அடிக்க அடிக்கக் கெட்டியாகும் என்று நினைத்து நான் ஐந்து நிமிஷம் அடித்தேன். மோர் மாதிரி ஆகிவிட்டது. கெட்டியாக்கலாம் என்று மேலும் சீனிப் பொடி கொட்டினேன். இன்னும் நீர்த்தது. அதைத் தூக்கிக் கேக் மேல் ஊற்றினேன். நாலு பக்கமும் வழிந்து மேசைக்கு வந்துவிட்டது.

கரண்டி வந்தது.

சாப்பிட்டுப் பார்த்தேன். "வெறும் சீனிதான் தெரியுது. சீஸ் தெரியல. அளவுக்கு மேல அடிச்சிட்டேன், மிஸ்."

"எப்ப நிறுத்தியிருக்கணும்?"

"தெரியல."

"அது தெரியற வரைக்கும் அடிங்க அக்கா. தினமும் ஒரு தடவ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினேழாவது நாளோ பதினெட்டாவது நாளோ தெரிந்தது. கிண்ணத்தின் ஓரத்தில் இருக்கும் பளபளப்பு திடீரென்று மங்கி, கரண்டி போன தடம் அப்படியே நிற்கும். அந்தக் கணத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அதைக் கண்டுபிடித்த அன்று நான் சத்தமாகச் சிரித்ததில் மாவு சலித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கடையில் கேரட் கேக் என்றால் என் கைதான். 'மகேஸ் கேக் இருக்கா' என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கோலா சாவாவில் புஷ்பம் என்று ஒரு அம்மா. அவர் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி கட்டு, பிறகு தோட்டத்து மண்டபத்தில் விருந்து. பன்னிரண்டரைக்குக் கேக் வெட்டுவதாக ஏற்பாடு. இரண்டு அடுக்குக் கேரட் கேக் கேட்டிருந்தார்கள். ஆர்டரை முன்பக்கக் கவுண்டரில் இருந்த பெண் எழுதி ஆணியில் குத்தியிருந்தாள். அதன் கீழே மலாயில் ஒரு வரி: கச்சாங் வேண்டாம்.

எங்கள் வாயில் கச்சாங் என்றால் வேர்க்கடலை. பொட்டலம் மடித்து விற்பார்களே, அது. சீட்டைப் படித்தபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. கேரட் கேக்கில் எவன் வேர்க்கடலை போடுகிறான்? வழக்கம் போல வால்நட்டைப் பொடித்துப் போட்டேன். ஓரம் முழுக்க அலங்காரத்துக்கும் அதையே ஒட்டினேன். அழகாக இருந்தது. வேன் ஓட்டும் ரோஸ்லான் பத்து மணிக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

பதினொரு மணிக்கு மிஸ் லிங் பசாரிலிருந்து வந்தார். அனுப்பிய ஆர்டர் சீட்டுகளை ஆணியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் படிப்பது அவர் வழக்கம். ஒரு சீட்டில் நின்றார்.

"அக்கா, இதுல வால்நட்டுக்குப் பதிலா என்ன போட்டீங்க?"

"எதுக்கு பதிலா? வால்நட்தான் போட்டேன்."

"கச்சாங் வேணாம்னு இருக்கே."

"கச்சாங் போடலயே மிஸ். வால்நட்தானே..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. மலாயில் எல்லாக் கொட்டைக்கும் கச்சாங் என்று சொல்வதுண்டு; எந்தக் கொட்டையும் வேண்டாம் என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். மிஸ் லிங் சீட்டைத் திருப்பினார். பின்பக்கம் ஆர்டர் எழுதியவளின் கையெழுத்தில், கல்யாணப் பொண்ணுக்கு ஆகாது என்று இருந்தது. பின்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை.

நான் செய்த கேக். மாப்பிள்ளை எடுத்து ஊட்டப் போகிற முதல் வாய், நேராக மணப்பெண்ணுக்குத்தான்.

மிஸ் லிங் சீட்டிலிருந்த எண்ணுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. கல்யாண வீட்டில் யார் போனை எடுப்பார்கள்? நான் ரோஸ்லானுக்கு அடித்தேன். எங்களுக்குப் பின்னால் அலமாரியில் ஒரு போன் அதிர்ந்தது. சார்ஜில் போட்டவர் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மிஸ் லிங் போனை வைத்துவிட்டார். "முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. சட்டைய மாத்துங்க, உங்க மேல வால்நட் தூள் இருக்கு. நான் பெட்டி எடுக்கறேன்."

நான் கழுவிவிட்டு, புது டி-சர்ட் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வருவதற்குள் அவர் ஐஸ் பெட்டியைக் காரில் வைத்துவிட்டார். பிரிக்காத க்ரீம் சீஸ், பிரிக்காத வெண்ணெய், பிரிக்காத சீனிப் பொடி. கடையில் திறந்து வைத்த எதையும் அவர் தொடவில்லை. தராசையும் எடுக்கவில்லை, அதில் தினமும் வால்நட் நிறுக்கிறோம்.

"எதுக்கு மிஸ் இதெல்லாம்?"

"முதல்ல நிறுத்தணும். நிறுத்தினா அவங்களுக்குக் கேக் இருக்காது. அதையும் யோசிக்கணும்."

ரந்தாவ் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்தது. மிஸ் லிங் சாதாரணமாக மாட்டு வண்டி வேகத்தில் போகிறவர். அன்று ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. லோரி ஒதுங்கியதும் மிதித்த மிதியில் நான் ஐஸ் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையால் புஷ்பத்தின் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். பதினோரு தடவை அடித்தேன் என்று அப்புறம் போனைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மண்டபத்தில் நாங்கள் இறங்கும்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை. உள்ளே மைக்கில் ஒருவர் அறிவிப்பது வாசல்வரை கேட்டது: "மணமக்கள் இப்போ கேக் வெட்டுவாங்க." விருந்தினர் சீக்கிரம் வந்துவிட்டார்கள் என்று நேரத்தை முன்னால் தள்ளியிருக்கிறார்கள்.

ஓடினேன். நாற்காலிகளுக்கு நடுவே, இலை போட்டுக்கொண்டிருந்தவர்களை இடித்துக்கொண்டு ஓடினேன். மேடையில் கத்தி இறங்கிவிட்டிருந்தது. மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்துச் சிரித்துக்கொண்டே பெண் பக்கம் திரும்பினார். போட்டோக்காரர் "அப்படியே, அப்படியே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேடையில் ஏறி மாப்பிள்ளை கையிலிருந்த துண்டைப் பிடுங்கினேன்.

யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். "யாரு இந்தப் பொம்பள? என்னா செய்யற நீ?"

"இதுல வால்நட் இருக்கு" என்றேன். பக்கத்தில் மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியாது. என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அந்தப் பொண்ணு சாப்பிடக் கூடாது. சீட்டுல எழுதியிருந்துச்சு. நான்தான் சரியாப் படிக்காமப் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

ஐந்நூறு பேர் இருந்திருப்பார்கள். சமையல்காரர்கள்கூட வாளியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

தர்ஷினி ஒரு அடி பின்னால் போனாள். அலறவில்லை. தன் இரண்டு கையையும் உடம்பிலிருந்து விலக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கத்திய மட்டுந்தான் தொட்டேன். வாய்ல ஒண்ணும் படல" என்றாள். சின்ன வயதிலிருந்து பழகிய நிதானம் அது என்று அப்புறம் புரிந்தது.

புஷ்பம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மகள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"எத்தன தடவ சொன்னேன்? எம்புள்ளைக்குக் கொட்டை ஆகாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? ஆறு வயசுல முந்திரி ஒண்ணத் தின்னுட்டு மூச்சு நின்னு போச்சு அவளுக்கு. தூக்கிட்டு ஓடினவ நானு. ஒனக்கு என்னா தெரியும்?"

பிடுங்கிய துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மிஸ் லிங் மட்டும் வேலையில் இருந்தார். மாப்பிள்ளையைக் குழாயடிக்கு அழைத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார், தர்ஷினியையும் கழுவ வைத்தார். கேக், கத்தி, மேசை விரிப்பு எல்லாவற்றையும் சுருட்டிக் காரில் போட்டுவிட்டு வந்தார். வந்து புஷ்பத்தின் முன் குனிந்து மன்னிப்புக் கேட்டார். என் பெயரைச் சொல்லவில்லை. "எங்க கடை தப்பு" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் முணுமுணுப்பு ஆரம்பித்தது. கேக் வெட்டும்போது இப்படி ஆனது சகுனமா என்று ஒரு கிழவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது. தர்ஷினியின் முகம் அப்போதுதான் வாடியது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது.

"அக்கா" என்றேன் புஷ்பத்திடம். "ஒங்க வீட்டுக் குசினியில கொட்டை எதுவும் இருக்குமா?"

"எங்க வீட்டுலயா? இருபது வருஷமா ஒண்ணு உள்ள வந்ததில்ல. இன்னிக்கிப் பாயாசத்துக்கே முந்திரி கிடையாது."

"ஓவன் இருக்கா?"

"தீபாவளி பிஸ்கட்டுக்கு ஒண்ணு வெச்சிருக்கேன். எதுக்கு?"

"ஒரு மணி நேரம் குடுங்க. ஒங்க வீட்டுலயே, ஒங்க சாமான்லயும் நாங்க கொண்டாந்த பிரிக்காத பாக்கெட்டுலயும், ஒங்க கண்ணு முன்னாடியே செய்யறேன். பிடிக்கலன்னா தூக்கிக் குப்பையில போடுங்க."

புஷ்பம் என்னை மேலும் கீழும் பார்த்தார். தர்ஷினிதான் பேசினாள். "செய்யட்டும்மா. கேக்கே இல்லாமப் போனா எல்லாரும் அதையேதான் பேசிக்கிட்டு இருப்பாங்க."

மண்டபத்துக்குப் பின்னால் இரண்டாவது வீடு. போனதும் நானும் மிஸ் லிங்கும் மறுபடி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினோம். ஓவன் மேசை மேல் வைக்கிற சின்ன ஜாதி. கேக் டின் ஒன்றும் உள்ளே நுழையாது. வட்டமாக, உயரமாகச் சுட்டால் முக்கால் மணி நேரம் வேகும், ஆற இன்னும் ஒரு மணி நேரம். சூடான கேக்கில் க்ரீம் சீஸைப் பூசினால் குழம்புதான். நான் ஓவனோடு வந்த சதுரத் தட்டை எடுத்தேன். அதில் மெல்லிசாக ஊற்றிச் சுட்டால் இருபது நிமிஷம். ஆறியதும் மூன்றாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிவிடலாம். இந்த யோசனை வந்ததும் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. கை மட்டும்தான் இருந்தது.

கல்யாணச் சமையல்காரரிடமிருந்து ஒரு கூடை கேரட் வந்தது. மிஸ் லிங், என் முதலாளி, முக்காலியில் உட்கார்ந்து துருவ ஆரம்பித்தார். அவர் துருவி நான் பார்த்ததே இல்லை. அஞ்சறைப் பெட்டியிலிருந்து பட்டையை எடுத்து உரலில் இடித்தேன். பழுப்புச் சீனி இல்லை. குலா மலாக்கா பனைவெல்லம் இருந்தது, சீவிப் போட்டேன். தராசு கிடையாது. டீ குடிக்கிற கோப்பைதான் அளவு. முட்டையையும் எண்ணெயையும் அடித்தேன், மாவைப் போட்டேன், பத்துச் சுற்று எண்ணிக் கிண்டினேன். புஷ்பம் பட்டுச்சேலையோடு வாசற்படியை மறித்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் எந்த டப்பாவைத் திறந்தாலும் அவர் கண் அதற்குள் போய் வந்தது.

ஓவன் கதவு சரியாக மூடவில்லை. நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் வீடு முழுக்கப் பட்டையும் வெல்லமும் மணத்தது. இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

தட்டை வெளியே எடுத்துக் காற்றாடிக்கு நேராக வைத்துவிட்டுப் பூச்சுக்கு வந்தேன். மெஷின் இல்லை. மரக்கரண்டிதான். வெளியே மண்டை பிளக்கும் வெயில், உள்ளே ஓவன் சூடு. வெண்ணெய் கரண்டி படும் முன்பே இளகியது. ஒரு சட்டியில் ஐஸைக் கொட்டி அதற்குள் கிண்ணத்தை வைத்தேன். ஒரு கையால் கிண்ணத்தைப் பிடித்து மறு கையால் அடித்தால் கிண்ணம் வழுக்கி வழுக்கிச் சுற்றியது. தோள் இற்றுப்போனது.

"தள்ளு" என்றது ஒரு குரல். புஷ்பம் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். "அடி. நான் பிடிக்கறேன்."

சீனிப் பொடி பறந்து அவர் பட்டுச்சேலையெல்லாம் வெள்ளையாக விழுந்தது. அவர் பார்க்கக்கூட இல்லை. குனிந்து கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். க்ரீம் சீஸைப் பிரித்துக் குளிரோடு போட்டேன். பளபளப்பு இருந்தது, இருந்தது, மங்கியது. கரண்டித் தடம் நின்றது. கையை எடுத்தேன்.

"அவ்ளோதானா?" என்றார் புஷ்பம். "இன்னும் ரெண்டு அடி அடிக்கலாமே."

"கூடாதுக்கா. இங்கதான் நிறுத்தணும்."

மூன்று அடுக்கு. ஓரமெல்லாம் கோணல்தான். அலங்காரத்துக்கு ஒன்றும் இல்லை. புஷ்பம் தன் கூந்தலில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்து, அது சரிவராது என்று பூஜைக்கு வைத்திருந்த ரோஜாவில் இதழ் உதிர்த்துக் கழுவிக் கொண்டுவந்து சுற்றி வைத்தார். அவரே தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். உயரமில்லாத, கோணலான ஒரு கேக். மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவர் என்ன சொல்வதென்று தெரியாமல், "இது பொண்ணு வீட்டுலயே செஞ்ச கேக்" என்றார். கூட்டம் கை தட்டியது.

மாப்பிள்ளை துண்டை எடுத்தார். ஆனால் ஊட்டவில்லை. தர்ஷினியைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். புஷ்பம் கைப்பையைத் திறந்து, மூச்சடைத்தால் போடும் ஊசி மருந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"எல்லாத்தையும் நீ பாத்தியாம்மா?" என்று தர்ஷினி கேட்டாள்.

"பாத்தேன். ஒவ்வொண்ணையும் பாத்தேன்."

தர்ஷினி வாயைத் திறந்தாள்.

கடையில் இருந்த அத்தனை வருஷத்தில் ஒருவர் கேக் சாப்பிடுவதை நான் அப்படிப் பார்த்ததில்லை. மென்றாள். விழுங்கினாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேளக்காரர்கள் வாசித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. மிஸ் லிங் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். துருவிய கேரட்டில் அவர் விரலெல்லாம் மஞ்சளாகியிருந்தது.

தர்ஷினி தட்டைப் பார்த்தாள். "இன்னொரு துண்டு எடுத்துக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டாள். மண்டபமே சிரித்துவிட்டது. நான் மட்டும் மேடைப் படியில் உட்கார்ந்து அழுதேன்.

திரும்பும்போது காரில் மம்பாவ் தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன். "மிஸ், நாளையில இருந்து நான் வரல."

"ஏன்?"

"ஒரு உசுரு போயிருக்கும்."

"போயிருக்கும்" என்றார். ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே, "அந்தச் சீட்டு இனிமே எப்படி இருக்கணும்னு நாளைக்கு வந்து நீங்கதான் சொல்லணும். வேற யாருக்கும் அது தெரியாது" என்றார்.

போனேன். திங்கட்கிழமை காலை புது விதி எழுதினோம். சீட்டில் 'கச்சாங்' என்ற சொல்லே வரக் கூடாது. எந்தக் கொட்டை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். ஆகாது என்பதைச் சிவப்பு மையில், முன்பக்கத்தில் எழுத வேண்டும். செய்கிறவர் சீட்டைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் கேட்ட பிறகுதான் மாவைத் தொடலாம். ஷாமினி, உன் டேப்லட்டில் இருக்கிற அந்தக் கட்டம் அன்று வெறும் சிவப்புப் பேனாவாக இருந்தது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கடை போன் அடித்தது. எடுத்த பெண் முகம் வெளுத்து, "அக்கா, கோலா சாவா புஷ்பம். ஒங்களத்தான் கேக்கறாங்க" என்றாள். போலீசுக்குப் போகப் போகிறார், அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மிஸ் லிங்கும் பேனாவை வைத்துவிட்டார். நான் போனை வாங்கினேன்.

"மகேஸா?" என்றார் புஷ்பம். "மாப்பிள்ளைக்கு அடுத்த மாசம் பொறந்த நாளு. தர்ஷினிக்கு அந்தக் கேக்குதான் வேணுமாம். கடையில செய்யாத. ஒரு நாளு லீவு போட்டுட்டு இங்க வந்துரு. ஓவன் கதவ ரிப்பேர் பண்ணக் குடுத்திருக்கேன்."